பேரேட்டை மூடாமலே படி எடுப்பது எப்படி?

என் சித்தி மகள் பினாங்கில், பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்த புதிது. விரைவுப் பேருந்து டிக்கெட்டை இணையத்தில் விற்கும் கம்பெனி. இவளுக்கு சிஸ்டம் பிரிவில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாற மாமாக் கடைக்குப் போயிருந்தோம். ரொட்டி சானாய் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, எங்க டேட்டாபேஸ் 800 ஜிபி. ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு டிக்கெட் வாங்கப் போறா? அந்த நேரத்துல நிறுத்திட்டு ஃபைலை எல்லாம் அப்படியே காப்பி பண்ணி வச்சா பேக்கப் முடிஞ்சது. இதுக்குப் போயி ஏன் எல்லாரும் இவ்வளவு தலையைப் பிச்சிக்கிறாங்க?"

கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டோம். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் நகல் எடுத்தால் 800 ஜிபிக்கு 8,000 நொடி ஆகும். அதாவது 2 மணி 13 நிமிடம். தினமும் அவ்வளவு நேரம் டிக்கெட் விற்பனையை நிறுத்த எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். அப்புறம், ராத்திரி இரண்டு மணிக்கு யார் வாங்குவார்கள் என்பது சாதாரண நாளுக்குச் சரி. தீபாவளிக்கு முந்தின வாரம் சுங்கை நிபோங்கிலிருந்து கோலாலம்பூருக்கு சீட் பிடிக்க அந்த இரண்டு மணிக்குத்தான் ஆட்கள் விழித்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த மாமாக் கடைக்கு எப்படிக் கதவைச் சாத்தும் நேரம் என்று ஒன்று கிடையாதோ, அப்படித்தான் இந்த டேட்டாபேஸுக்கும்.

"சரி, நிறுத்தாமலே காப்பி பண்ணிட்டா?"

அங்கேதான் விஷயமே இருக்கிறது.

டிக்கெட் கம்பெனியின் டேட்டாபேஸில் சீட் விவரம் ஒரு டேபிளில் இருக்கும், கட்டிய பணம் இன்னொரு டேபிளில் இருக்கும். இரண்டும் வெவ்வேறு ஃபைல்கள். நகல் எடுக்கும் வேலை இரண்டு மணிக்கு ஆரம்பிக்கிறது. முதலில் சீட் ஃபைல் போகிறது. 2:20க்கு ஒருவர் 14ஆம் நம்பர் சீட்டை எடுத்து 40 வெள்ளி கட்டுகிறார். பணம் பற்றிய ஃபைலை நகல் எடுக்கும்போது மணி 3:10. இப்போது அந்த நகலைத் திறந்து பாருங்கள். 40 வெள்ளி வந்திருக்கிறது, ஆனால் 14ஆம் நம்பர் சீட் காலியாகக் கிடக்கிறது. நாளைக்கு இந்த நகலை வைத்து சிஸ்டத்தை எழுப்பினால் அதே சீட்டை இன்னொருவருக்கு விற்றுவிடும். அப்புறம் பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் ஒரு சீட்டுக்கு நிற்பார்கள்.

இரண்டு ஃபைல் என்றுகூட இல்லை. ஒரே ஃபைலுக்குள்ளேயே இது நடக்கும். டேட்டாபேஸ் தன் ஃபைலைப் பக்கம் பக்கமாகத்தான் பிரித்து வைத்திருக்கிறது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்று பரவலாகப் புழங்கும் இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்கள் உண்டு. மைஎஸ்கியூஎல்லில் டேபிள்களைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபியில் ஒரு பக்கம் வழக்கமாக 16 கேபி, போஸ்ட்கிரெஸில் 8 கேபி. நீங்கள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே டேட்டாபேஸ் அதன்மேல் எழுதினால், மேல்பாதி பழசும் கீழ்பாதி புதுசுமாக ஒரு கிழிந்த பக்கம் உங்கள் கையில் வரும். அதைத் திறக்கவே முடியாது.

ஆகவே பேக்கப் என்பது வெறும் நகல் அல்ல. ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்றை, ஏதோ ஒரு நொடியில் அது எப்படி இருந்ததோ அப்படியே, எல்லாப் பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி எடுத்து வைப்பது. ஓடுவதை நிறுத்தாமல் அந்த ஒரு நொடியை எப்படிப் பிடிப்பது?

கிட்டங்கிக் கணக்கு

இதை விளக்க எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் எங்கள் தாத்தாதான். பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். அங்கே இரண்டு வகைப் புத்தகம் உண்டு. ஒன்று சிட்டை. பணம் கை மாறிய மாத்திரத்தில், வந்த வரிசையிலேயே, யாருக்கு எவ்வளவு என்று அதில் எழுதியாக வேண்டும். இன்னொன்று பேரேடு. அதில் ஆளுக்கு ஒரு பக்கம். சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு சிட்டையைப் பார்த்து ஒவ்வொரு வரியையும் உரிய ஆளின் பக்கத்தில் ஏற்றுவார்கள். ஒருவர் எவ்வளவு பாக்கி என்று பார்க்கப் பேரேடு. ஆனால் பேரேட்டில் மை கொட்டினாலும் கறையான் அரித்தாலும் காப்பாற்றுவது சிட்டைதான். பழைய பேரேட்டுப் படி ஒன்று இருந்து, அதற்குப் பிறகு எழுதிய சிட்டை முழுதாக இருந்தால், புதுப் பேரேடு எழுதிக்கொள்ளலாம்.

இன்றைய பெரிய டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் இதே முறையில்தான் ஓடுகின்றன. நீங்கள் டிக்கெட் வாங்கி "உறுதி" என்று திரையில் வந்தால், அது முதலில் லாக் என்ற ஃபைலில் எழுதப்பட்டு டிஸ்க்கில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதுதான் சிட்டை. சீட் டேபிள், பணம் டேபிள் இருக்கும் பெரிய ஃபைல்கள் பேரேடு. அவற்றில் ஏற்றுவது பிறகு, நேரம் கிடைக்கும்போது, மொத்தமாக. நடுவில் கரண்ட் போனால் கவலை இல்லை. திரும்ப எழும்போது சிட்டையைப் படித்து, ஏறாத வரிகளை ஏற்றிக்கொள்ளும். இன்னோடிபியில் இந்தச் சிட்டைக்கு ரீடூ லாக் என்று பெயர். போஸ்ட்கிரெஸில் வால் என்பார்கள். நாய் வால் இல்லை, "எழுதுமுன் லாக்" என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்.

இனிமேல்தான் வித்தை. கணக்கப்பிள்ளை பேரேட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதே பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் படி எடுக்கிறீர்கள். இரண்டு மணிக்கு முதல் பக்கத்தைப் படி எடுத்தீர்கள். 2:30க்கு 300ஆம் பக்கத்து ஆளிடமிருந்து முதல் பக்கத்து ஆளுக்கு 100 வெள்ளி மாறுகிறது. சிட்டையில் அது 455ஆவது வரி. கணக்கப்பிள்ளை உடனே இரண்டு பக்கத்திலும் ஏற்றிவிடுகிறார். மூன்று மணிக்கு நீங்கள் 300ஆம் பக்கத்தைப் படி எடுக்கிறீர்கள். உங்கள் படியில் 300ஆம் பக்கத்தில் 100 வெள்ளி கழிந்திருக்கிறது, முதல் பக்கத்தில் வரவு இல்லை. 100 வெள்ளி காற்றில் போய்விட்டது.

இப்போது இரண்டு ஏற்பாடு செய்துகொள்வோம். முதல் ஏற்பாடு, பேரேட்டின் ஒவ்வொரு பக்கத் தலையிலும் "சிட்டையில் இத்தனையாவது வரி வரை இங்கே ஏறியிருக்கிறது" என்று ஓர் எண் இருக்க வேண்டும். இரண்டாவது, நீங்கள் படி எடுக்க ஆரம்பித்தபோது பேரேட்டில் ஏறாமல் இருந்த சிட்டை வரிகளையும், அதிலிருந்து முடித்த நேரம் வரை எழுதப்பட்ட வரிகள் அத்தனையையும் கூடவே படி எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி எடுத்து முடிந்தது. வீட்டுக்கு வந்து சாவகாசமாக உட்கார்ந்து, சிட்டைப் படியை முதல் வரியிலிருந்து படிக்கிறீர்கள். 455ஆவது வரி வருகிறது. முதல் பக்கத் தலையில் 410 என்று இருக்கிறது. அப்படியென்றால் இந்த வரி இதில் ஏறவில்லை, ஏற்று. 300ஆம் பக்கத் தலையில் 460 என்று இருக்கிறது. ஏற்கெனவே ஏறிவிட்டது, தொடாதே. இப்படியே கடைசி வரி வரை போனால், ஆளுக்கொரு நேரத்தில் படி எடுத்த அத்தனை பக்கமும் ஒரே வரிசை எண்ணில் வந்து நிற்கும். காணாமல் போன 100 வெள்ளி திரும்பக் கிடைத்துவிட்டது. கணக்கப்பிள்ளை ஒரு நிமிடம்கூடப் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

பாதியில் நிற்கும் விவகாரங்களும் இருக்கும். சீட் பிடித்தாகிவிட்டது, பணம் கட்டுவதற்குள் படி முடிந்துவிட்டது. அவற்றைக் கடைசியில் தேடிப்பிடித்து அழித்துவிட வேண்டும். அதையும் டேட்டாபேஸே செய்துகொள்ளும்.

பெர்கோனா எக்ஸ்ட்ராபேக்கப் என்ற இலவசக் கருவி மைஎஸ்கியூஎல்லுக்குச் செய்வது இதைத்தான். ஒரு கை ஃபைல்களை நகல் எடுக்க, இன்னொரு கை ரீடூ லாக்கைப் பின்தொடர்ந்து எழுதிக்கொண்டே வரும். கிழிந்த பக்கம் கைக்கு வந்தால் அதைத் திரும்பப் படிக்கும். நகல் முடிந்ததும், "தயார் செய்" என்று தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். நான் சொன்னேனே, வீட்டுக்கு வந்து சிட்டையை ஏற்றுவது, அந்தக் கட்டம். போஸ்ட்கிரெஸில் இதற்கு பிஜி பேஸ்பேக்கப் என்று கூடவே வரும் கருவி இருக்கிறது. ஏற்றுகிற வேலையை டேட்டாபேஸ் முதல்முறை எழும்போது தானே செய்துகொள்ளும்.

பக்கத் தலையில் எண், அதைப் பார்த்து ஏற்றுவதா விடுவதா என்ற இந்த முறைக்குத் தெளிவான விதிகளை 1992-ல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் ஐந்து பேர் எழுதி வெளியிட்டார்கள். ஏரீஸ் என்று பெயர். அந்த ஐவரில் முதல் பெயர் சி. மோகன். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். இதைச் சொன்னபோது தங்கைக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கும்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரீடூ லாக் முடிவில்லாத நோட்டு அல்ல. அளவு வைத்து, பழைய பக்கங்களின்மேலேயே திரும்பத் திரும்ப எழுதுவார்கள். நகல் எடுக்கும் கை மெதுவாகவும் டேட்டாபேஸ் எழுதும் வேகம் அதிகமாகவும் இருந்தால், படி எடுப்பதற்குள் சிட்டை வரி அழிந்துவிடும். அப்போது பேக்கப் தோல்வி. கூட்டம் அதிகமான நாளில் மட்டும் பேக்கப் உடைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது லாக்கின் அளவைத்தான்.

எழுதி வாங்கும் முறை

ஃபைலைத் தொடாமல், டேட்டாபேஸையே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளும் முறையும் உண்டு. டம்ப் என்பார்கள். மைஎஸ்கியூஎல்லில் மைஎஸ்கியூஎல்டம்ப், போஸ்ட்கிரெஸில் பிஜிடம்ப். "உன்னிடம் இருக்கும் எல்லா வரிகளையும் சொல்லு, எழுதிக்கொள்கிறேன்" என்று கேட்பது போல. கிடைப்பது, டேபிள்களை மறுபடி உருவாக்கும் கட்டளைகள் அடங்கிய ஒரு ஃபைல்.

ஆனால் எழுதி வாங்க மூன்று மணி நேரம் ஆனால், அதற்குள் வரிகள் மாறிவிடாதா? மாறும். அதற்குத்தான் டேட்டாபேஸ்கள் பழைய பதிப்பை உடனே தூக்கிப் போடாமல் வைத்திருக்கின்றன. ஒரு வரியை மாற்றினால், புதியதை எழுதிவிட்டுப் பழையதையும் கொஞ்ச காலம் கையில் வைத்திருக்கும். இரண்டு மணிக்கு உள்ளே வந்த டம்ப்புக்கு, அது நாலு மணி வரை கேட்டுக்கொண்டிருந்தாலும், இரண்டு மணிக்கு இருந்த பதிப்பையே காட்டும். பக்கத்தில் டிக்கெட் விற்பனை பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். யாரும் யாரையும் தடுப்பதில்லை.

கவனித்தீர்களா? எக்ஸ்ட்ராபேக்கப்பில் கிடைப்பது நகல் முடிந்த நொடியின் படம். டம்ப்பில் கிடைப்பது ஆரம்பித்த நொடியின் படம். புதிதாக வருபவர்கள் இதைக் குழப்பிக்கொண்டு, "மூணு மணி டிக்கெட் ஏன் இதுல இல்ல?" என்று முழிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மைஎஸ்கியூஎல்டம்ப்பை ஓட்டும்போது "சிங்கிள் டிரான்சாக்‌ஷன்" என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் இது நடக்கும். அதைச் சேர்க்க மறந்தால், அது டேபிள்களைப் பூட்டிவிட்டுப் படிக்கும். முடியும்வரை யாரும் டிக்கெட் வாங்க முடியாது. பழைய மைஐஎஸ்ஏஎம் வகை டேபிள்கள் ஏதாவது மிச்சம் இருந்தால், அந்த விருப்பத்தைச் சேர்த்தாலும் பலன் இல்லை. அவற்றுக்குப் பழைய பதிப்பை வைத்திருக்கத் தெரியாது. டம்ப் ஓடும்போது யாராவது டேபிளின் அமைப்பையே மாற்றினால் அதுவும் வம்பு.

பெரிய டேட்டாபேஸுக்கு டம்ப் சரிவராததற்குக் காரணம் எடுக்கும் நேரம் அல்ல, திரும்ப ஏற்றும் நேரம். 800 ஜிபியை வரி வரியாக உள்ளே விட்டு, வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். ஒரு நாளைத் தாண்டிவிடுவதும் உண்டு. கூடவே, டம்ப் ஓடும் மணிக்கணக்கான நேரமும் பழைய பதிப்புகளை எல்லாம் கட்டிச் சுமக்க வேண்டியிருப்பதால் டேட்டாபேஸ் ஊதிப்போகும். என் கணக்கில் ஐம்பது ஜிபி வரைக்கும் டம்ப் போதும், அதற்குமேல் போனால் ஃபைல் முறைக்கு மாறிவிடுவது நல்லது. இது விதி இல்லை, என் பழக்கம். ஒரே ஒரு டேபிளை மட்டும் மீட்க வேண்டும், அல்லது டேட்டாபேஸ் மென்பொருளின் வேறு பதிப்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் பெரிய இடத்திலும் டம்ப்தான் கைகொடுக்கும்.

நான் பூட்டிய பூட்டு

"டவுன்டைம் இல்லை", அதாவது சேவை நிற்காது, என்று கருவியின் அட்டையில் போட்டிருப்பதை நம்பி நான் ஒருமுறை மாட்டிக்கொண்ட கதையைச் சொல்ல வேண்டும். முன்பு வேலை செய்த ஓரிடத்தில் பேக்கப் ஸ்கிரிப்டை நான்தான் எழுதினேன். நகலின் கடைசியில், எல்லாவற்றையும் ஒரு நொடி அசையாமல் நிற்கவைக்கும் பூட்டு ஒன்று அதில் இருந்தது. எல்லா டேபிள்களையும் மூடித் திறந்து, படிக்க மட்டும் விடும் பூட்டு. சாதாரணமாக ஒரு நொடிகூட ஆகாது. மாதக்கணக்கில் ஒழுங்காகத்தான் ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணக்குப் பிரிவில் யாரோ ஆண்டறிக்கை ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். டேட்டாபேஸிடம் கேட்டால் நாற்பது நிமிடம் ஓடும் கேள்வி அது. என் பூட்டு வந்து அந்தக் கேள்வி முடியட்டும் என்று வாசலில் நின்றது. பூட்டு காத்திருப்பதால் அதன் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் நிற்க வேண்டியதாயிற்று. எழுத வந்தவர்கள் மட்டுமல்ல, வெறுமனே பார்க்க வந்தவர்களும். திரையில் "டேபிள் ஃப்ளஷுக்குக் காத்திருக்கிறது" என்ற ஒரே வாசகம் வரிசையாக, நூற்றுக்கணக்கில். ஒரே ஆள் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தால் பின்னால் பேருந்தே நிற்குமே, அப்படி. கடைசியில் அந்த அறிக்கையைக் கொன்றபோதுதான் மூச்சு வந்தது. முதலாளி என்ன சொன்னார் என்பதை விட்டுவிடுகிறேன்.

இப்போது மைஎஸ்கியூஎல் 8-ல் பேக்கப்புக்கென்றே இலகுவான பூட்டு வந்துவிட்டது. அது டேபிள் அமைப்பை மாற்றுவதைத்தான் தடுக்கும், டிக்கெட் விற்பனையைத் தடுக்காது. இருந்தாலும் பேக்கப் ஆரம்பிக்குமுன் நீண்ட கேள்வி ஏதாவது ஓடுகிறதா என்று ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளட்டும்.

பூட்டே இல்லாவிட்டாலும் செலவு இல்லாமல் போகாது. 800 ஜிபியைப் படித்தால் டிஸ்க்குக்கு வேலைதான், டிக்கெட் வாங்குபவருக்குப் பக்கம் மெதுவாகத் திறக்கும். அதனால் பெரிய இடங்களில் ரெப்ளிக்கா ஒன்றை வைத்துக்கொண்டு அதில் பேக்கப் எடுப்பார்கள். முதன்மைச் சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் கேட்டுக்கேட்டுத் தானும் செய்துகொள்ளும் இரட்டை அது. அதை என்ன பாடுபடுத்தினாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாது. தங்கை உடனே பிடித்துக்கொண்டாள்: "அப்போ ரெப்ளிக்காவே பேக்கப்தானே?"

இல்லவே இல்லை. யாராவது தவறுதலாக டிக்கெட் டேபிளை அழித்தால், ரெப்ளிக்காவும் அடுத்த நொடியே பணிவாக அழித்துவிடும். சொன்னதைச் செய்வதுதான் அதன் வேலை. முதன்மைச் சர்வர் பழுதானால் காப்பாற்றும், மனிதத் தவறிலிருந்து காப்பாற்றாது. வேண்டுமென்றே சில மணி நேரம் பின்தங்கி ஓடும்படி ஒரு ரெப்ளிக்காவை வைப்பார்கள். அது கொஞ்சம் உதவும்.

ஸ்னாப்ஷாட் என்று ஒன்று சொல்வார்கள். டிஸ்க்கை நிர்வகிக்கும் அடுக்கிலேயே ஒரு நொடியை உறைய வைத்து, அதன்பின் மாறுகிற பகுதிகளை மட்டும் தனியாக வைத்துக்கொள்வது. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதைத் திறந்தால், டேட்டாபேஸ் கரண்ட் போய் எழுந்தது போல நினைத்துக்கொண்டு சிட்டையை ஏற்றிக்கொள்ளும். பேரேடும் சிட்டையும் ஒரே நொடியில் உறைந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அவை வேறு வேறு டிஸ்க்கில் இருந்து, தனித்தனியாக ஸ்னாப்ஷாட் எடுத்தால் கதை கந்தல். ஸ்னாப்ஷாட் டேட்டாபேஸ் இருக்கும் அதே டிஸ்க்கில் இருக்கும்வரை அதைப் பேக்கப் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெளியே நகல் எடுத்துப் போன பிறகுதான்.

புதன்கிழமை 3:12

பேக்கப் ஞாயிறு அதிகாலையில் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை மதியம் 3:12க்கு ஒரு புதுப் பையன் நிபந்தனை போட மறந்து, டிக்கெட் டேபிள் முழுவதையும் அழித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பினால் மூன்றரை நாள் விற்பனை போச்சு. என்ன செய்வது?

மறுபடியும் சிட்டைதான். மைஎஸ்கியூஎல்லில் ரீடூ லாக் தவிர பைனரி லாக் என்று இன்னொரு சிட்டை இருக்கிறது. ரெப்ளிக்காவுக்கு மாற்றங்களைச் சொல்வதற்காக வைத்திருப்பது. இதை உடனுக்குடன் அழித்து எழுத மாட்டார்கள். எட்டாவது பதிப்பில் வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸில் இரண்டு வேலைக்கும் ஒரே வால்தான், அதை வெளியே சேமித்து வைக்கச் சொல்லிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பேக்கப்பை ஏற்றுங்கள். அது பைனரி லாக்கின் எந்த ஃபைலில், எந்த இடத்தில் நின்றது என்று பேக்கப்பின் கூடவே ஒரு குறிப்பு இருக்கும். அங்கிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மாற்றமாகத் திரும்ப ஓட்டுங்கள். திங்கள், செவ்வாய், புதன் காலை. அந்த அழிப்புக் கட்டளைக்கு முந்தின வரியில் நிறுத்துங்கள். நேரத்தை வைத்து நிறுத்துவதைவிட, லாக்கைப் படித்து அந்தக் கட்டளையின் இட எண்ணைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் சரி. ஒரே நொடியில் பத்து டிக்கெட் விற்றிருக்கும். இந்த வேலையைச் செய்யும்போது கை நடுங்கும். நடுங்கட்டும்.

இதனால் என்ன தெரிகிறது? முழுப் பேக்கப்பைத் தினமும் எடுக்காவிட்டாலும் சமாளிக்கலாம், ஆனால் சிட்டையை நொடிக்கு நொடி வேறொரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பேரேடு எரியும்போது சிட்டையும் கூடவே எரிந்தால் ஒன்றும் மிஞ்சாது. எரிவது என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு இரண்டுமே போயின. மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியூரில் என்பது இந்தத் தொழிலில் பழைய பேச்சு. பினாங்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஒரு நகலாவது பாலம் தாண்டி இருக்கட்டும். சைபர்ஜெயாவோ, கிளவுடோ, எதுவாகவும் இருக்கலாம். ஒரு கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் போனால்கூட 800 ஜிபிக்கு ஏறக்குறைய 1 மணி 47 நிமிடம் ஆகும். நிஜத்தில் அந்த வேகம் கிடைக்காது, அதனால் சுருக்கி அனுப்புங்கள். அனுப்புமுன் பூட்டுச் சாவி போட்டு மறையாக்கம் செய்துவிடுங்கள். அதில் பயணிகளின் பெயரும் ஐசி எண்ணும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன. பேக்கப் திருடு போனாலும் டேட்டாபேஸ் திருடு போனது போலத்தான். சாவியை அதே டிஸ்க்கில் வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், வைத்தவர்கள் உண்டு.

ஏற்றிப் பார்த்தாயா?

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ரெப்ளிக்காவில் அழிப்பதாக நினைத்து முதன்மைச் சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். ஏறக்குறைய 300 ஜிபி. நொடிகளில் சுதாரித்து நிறுத்தியும், மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால், தினசரி டம்ப் வைக்கும் இடம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுத்த கருவி 9.2 பதிப்பு. ஒத்துப்போகாமல் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல அனுப்பிய மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. அதற்கு ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்டால்தான் தப்பித்தார்கள். ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே முழுதாக எழுதி வெளியிட்டார்கள். அதனால்தான் இவ்வளவு விவரம் நமக்குத் தெரிகிறது.

இதைக் கேட்டுவிட்டுத் தங்கை ஒரு நிமிடம் பேசவில்லை. "எங்க இடத்துல தினமும் பச்சை டிக் வருதுண்ணே" என்றாள். பச்சை டிக், ஸ்கிரிப்ட் முடிந்தது என்றுதான் சொல்கிறது. ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அடுத்த மாதம் மேலாளரிடம் கேட்டு ஒரு பழைய சர்வரை வாங்கி, வியாழக்கிழமை மதியம் எடுத்த பேக்கப்பைச் சனிக்கிழமை காலையில் ஏற்றிப் பார்த்தாள். நகல் வந்து சேர மூன்று மணி நேரம், தயார் செய்யும் கட்டம் இருபது நிமிடம். கடைசியில் "ஓகே" என்று ஒரு வரி வந்ததும் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். டேட்டாபேஸ் எழுந்தது. கடைசி டிக்கெட் வியாழன் மதியத்தது, சீட்டும் பணமும் பொருந்தின. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆர்வக்கோளாறில், முழு சிஸ்டமும் இதன்மேல் ஓடுகிறதா பார்ப்போம் என்று மற்ற நிரல்களையும் கிளப்பிவிட்டிருக்கிறாள்.

அவற்றில் ஒன்று பயணிகளுக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல். சோதனைச் சர்வரின் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பேக்கப்பைப் பொறுத்தவரை இன்னும் வியாழன் மதியம்தான், வெள்ளிக்கிழமைப் பயணிகள் யாருக்கும் செய்தி போகவில்லை. நிரல் பொறுப்பாக ஒவ்வொருவருக்கும் அனுப்ப ஆரம்பித்துவிட்டது.

பதினொரு மணிக்கு சித்தியிடமிருந்து எனக்கு அழைப்பு. முதல் நாள் பஸ் ஏறி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தன் தோழி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். "டேய், பஸ் கிளம்பப் போகுது, சீக்கிரம் வாங்கன்னு மெசேஜ் வந்திருக்கு. நான்தான் நேத்தே வந்து சேர்ந்துட்டேனே. திரும்பவும் பினாங்குக்குப் போயி ஏறணுமா?"